மலைமேல் ஒரு கைப்பிடிக் கடல்

மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறிப் பாருங்கள். கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் சுற்றி முடித்துக் குன்னூரில் இறங்கும்போது அது தலையணை போல உப்பியிருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அதை அழுத்திக்கொண்டிருந்த காற்றுதான் மெலிந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் பையும் அப்படித்தான் உப்பியது. உள்ளே அரை லிட்டர் கடல்நீர். அதில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு சிமெண்டு வில்லை. வில்லையின் மேல் ஏழு மொட்டுகள், பயணக் களைப்பில் இறுக மூடிக் கிடந்தன. குன்னூரிலிருந்து நேர்மேற்கே அளந்தால் அரபிக்கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல். கீழ்நோக்கி அளந்தால் 1,850 மீட்டர். அந்த ஏழு மொட்டுகளின் மூதாதையர் யாரும் இவ்வளவு உயரத்தைக் கண்டிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை, வெளியே தேயிலைச் சரிவில் மூடுபனி படுத்திருந்த நேரத்தில், தொட்டியின் நீல விளக்கு எரிந்தது. முதல் அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மொட்டின் நுனியில் மயிரிழை போல ஏதோ நீண்டது. இன்னொன்று. மதியத்துக்குள் ஏழும் விரிந்துவிட்டன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். நடுவில் கோடு கிழித்தது போல ஒரு வாய். விளிம்பைச் சுற்றிப் பச்சை இமைமயிர்கள். ஜோவாந்திட் என்று அறிவியல் அழைக்கிற உயிர் அது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் செல்லமாக ‘ஜோவா’ என்பார்கள்.

விலங்கா, பூவா?

1801இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் இந்தப் பேரினத்துக்கு ‘ஜோவாந்தஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘ஜோவான்’ என்றால் விலங்கு, ‘அந்தோஸ்’ என்றால் பூ. விலங்குப்பூ. பார்த்ததை அப்படியே சொன்ன பெயர்.

நமக்குப் பவளம் என்றதும் செவ்வாய்க்கு உகந்த சிவப்புக் கல் நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செம்பவளத்தின் கூடு. மன்னார் வளைகுடாவில் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பவளத்திட்டுகளைக் கட்டியவை கல் பவளங்கள். அவை கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கீழே கல்வீடு எழுப்புகின்றன. ஜோவாந்திட்டும் அந்தக் குடும்ப வழி வந்ததுதான். ஆனால் வீடு கட்டத் தெரியாத உறவு. எலும்பும் இல்லை, கல்லும் இல்லை. ரப்பர் போன்ற தண்டும் அதன் தலையில் ஒரு தட்டும்தான் உடல். தட்டின் ஓரத்தில் உணர்விரல்கள் இரண்டு வரிசையாக இருக்கும். கண்ணுக்கு அடையாளம் அந்த இரட்டை வரிசை.

தண்டுகள் எல்லாம் அடியில் ஒரே சதைப் பாயில் முளைத்திருக்கும். அதனால் தொட்டியில் ஒரு சிறிய நண்டு ஒரு பூவின் மேல் காலை வைத்தால், பக்கத்துப் பூக்களும் தொட்டாற்சிணுங்கி போல அடுத்தடுத்துச் சுருங்குவதைப் பார்க்கலாம். ஏழு பூ என்று நாம் எண்ணினாலும், அது ஏழு உயிரா, ஒரே உயிரா என்று சொல்வது எளிதல்ல.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வழி இருக்கிறது. இங்குள்ள பல தேயிலைத் தோட்டங்களில் விதை போட்டு நாற்று எடுப்பதில்லை. நன்றாகக் கறக்கும் பசுவைத் தேர்வதுபோல் நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து ஓர் இலையும் கணுவும் கொண்ட துண்டுகளை வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு வளர்க்கிறார்கள். குளோன் நாற்று என்று பெயர். ஒரு சரிவு முழுக்க நிற்கும் ஆயிரம் செடிகளும் உண்மையில் ஒரே செடியின் நீட்சி. ஜோவாந்திட்டும் அப்படித்தான் பெருகுகிறது. பாயின் ஓரத்தில் புதுமொட்டு விடும், அது பூவாகும், அதன் ஓரத்தில் இன்னொன்று. பாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி வேறு கல்லில் ஒட்டினால் அதுவும் ஒரு குடியாகும். ‘ஃபிராக்’ என்று கடைகளில் விற்கும் வில்லை இந்தக் குளோன் நாற்றுதான். வீட்டுத் தொட்டிக்கு இது மிக முக்கியமான செய்தி. கடலைத் தொடாமலே, தொட்டியிலிருந்து தொட்டிக்கு இந்த உயிரைப் பெருக்கிக் கொடுக்க முடியும்.

இதற்கு யார் சோறு போடுகிறார்கள்? அதன் சதைக்குள்ளேயே குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகள். வெளிச்சத்தை வைத்து அவை சர்க்கரை ஆக்குகின்றன. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. வீட்டுக்காரர் தன் கழிவையும் கரியமில வாயுவையும் அவற்றுக்கு உரமாகத் தருகிறார். இந்த ஒப்பந்தம் நடக்க இரண்டு வேண்டும்: வெளிச்சமும் சரியான வெப்பமும். வெப்பம் அளவு தாண்டினால் ஒப்பந்தம் முறிகிறது, பாசிகள் வெளியேறுகின்றன, பவளம் வெளுக்கிறது.

மாஸ்கோவில் கிடைத்த மஞ்சள்

நீல விளக்கின் கீழே ஜோவாந்திட் தணல்போல் ஒளிர்வதைப் பார்த்தவர்கள், அது மின்மினி போலத் தானே ஒளி விடுகிறது என்று நினைப்பார்கள். ஆனால் விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். அதன் சதையில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை வாங்கி, அதில் கொஞ்சம் ஆற்றலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மீதியைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ திருப்பி விடுகின்றன.

ஜெல்லிமீன் ஒன்றிலிருந்து எடுத்த பச்சைப் புரதம், உயிருள்ள செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கான விளக்காக 1990களில் ஆய்வகங்களில் புகுந்தது. அந்த ஜெல்லிமீன் தானே ஒளி விடும் உயிர். அதனால், ஒளிவிடும் உயிர்களில்தான் இந்த மாதிரிப் புரதம் இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். ரஷ்ய ஆய்வாளர்கள் மிகைல் மாட்ஸ், செர்கேய் லுக்கியானோவ் குழுவினர் வேறு திசையில் தேடினார்கள். கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள மாஸ்கோவில், மீன்தொட்டிப் பவளங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 1999இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஆறு புதிய புரதங்கள் இருந்தன. அவற்றில் ஒரு பச்சையும் ஒரு மஞ்சளும் ஜோவாந்தஸிலிருந்து வந்தவை. மஞ்சளின் ஒளி அலைநீளம் 538 நானோமீட்டர். வேறொரு பவளத்திலிருந்து சிவப்பும் கிடைத்தது. இன்று மூளை நரம்புகளையும் புற்றுச் செல்களையும் பல நிறங்களில் பிரித்துப் பார்க்கும் ஆய்வகங்களில் இந்தத் தொட்டிப் பவளங்களின் வாரிசுகள் வேலை செய்கின்றன. ஜெல்லிமீன் புரத ஆய்வுக்கு 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நிறத்தைப் பற்றி இன்னொரு பாடமும் உண்டு. தென் ஜப்பானில் நிறத்தையும் தோற்றத்தையும் வைத்துத் தனித்தனி இனங்களாகக் கருதப்பட்டிருந்த நான்கு ஜோவாந்தஸ்களை ஜேம்ஸ் ரைமர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மரபணு வழியே சோதித்தார்கள். 2004இல் வந்த முடிவு: நான்கும் ஒரே இனம், ஜோவாந்தஸ் சான்சிபாரிகஸ். நம் மன்னார் வளைகுடாவிலும் அதே இனம் உண்டு. சந்தையில் ஒவ்வொரு நிறச் சேர்க்கைக்கும் கவர்ச்சியான பெயர் சூட்டி, ஒரு பூவுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். வாங்கி வந்து வேறு விளக்கின் கீழே ஆறு மாதம் வைத்தால் அந்த நிறமே மாறலாம். பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கண்ணுக்குப் பிடித்ததை, உடல்நலம் பார்த்து வாங்குங்கள்.

மலை தருவதும் எடுப்பதும்

சென்னையிலோ மதுரையிலோ கடல்நீர்த் தொட்டி வைப்பவரின் தலைவலி வெப்பம். சித்திரை, வைகாசியில் நீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமல் பவளம் நிலைக்காது. அதன் விலை தொட்டியின் விலையை மிஞ்சும். நீலகிரியில் அந்தச் செலவு மிச்சம். இங்கே வேண்டியது ஹீட்டர்.

ஆனால் ஹீட்டரை நம்பி மட்டும் உட்கார முடியாது. ஜோவாந்திட்டுக்கு 24 முதல் 27 டிகிரி வரை வசதியான வெப்பம். 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற 100 வாட் ஹீட்டருக்கு, வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலும், 35 நிமிடம் பிடிக்கும். மார்கழியில் ஊட்டியின் இரவு பூஜ்யத்தைத் தொடும். அறைக்குள்ளேயே 12, 13 டிகிரி இருக்கும்போது தொட்டி இடைவிடாமல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவை வைப்பது நல்லது. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் வெந்துவிடாது. ஒன்று பழுதானாலும் நீர் ஒரேயடியாகக் குளிர்ந்துவிடாது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், மறுநாள் வரை மின்சாரம் இல்லாத இரவுகள் மலைக்குப் புதிதல்ல. அப்போது செய்ய வேண்டியது இரண்டு. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பின் குழாயை நீருக்குள் விடுங்கள். தொட்டியைச் சுற்றி, மேலே சிறு திறப்பு விட்டு, கம்பளி போர்த்துங்கள். ஜோவாந்தஸ் சான்சிபாரிகஸ் குளிர்காலத்தில் நீர் 15, 16 டிகிரிக்கு இறங்கும் ஜப்பானியக் கரைகளிலும் வாழ்கிறது. மெல்ல இறங்கும் குளிரை அது தாங்கும். பதறிப்போய்ச் சுடுநீரை ஊற்றுவதைத்தான் தாங்காது.

இனி அந்தச் சிப்ஸ் பாக்கெட்டுக்கு வருவோம். குன்னூரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 80 விழுக்காடு. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 76 விழுக்காடு. நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைகிறது. 25 டிகிரியில் கடல்நீர், கடற்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். குன்னூரில் 5.4, ஊட்டியில் 5.1. பகலில் பாசிகள் ஆக்சிஜன் உண்டாக்குவதால் குறை தெரியாது. இரவில் பவளம், மீன், பாக்டீரியா எல்லாம் மூச்சு விடும்போது அந்த 5 இன்னும் இறங்கும். எனவே மலைத் தொட்டியில் மீன் குறைவாக இருக்க வேண்டும். 50 லிட்டருக்கு ஒரு சிறு கோமாளி மீன் போதும். நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட் நீர்ப்பரப்பைச் சலசலக்க வைக்க வேண்டும். இரவில் அதை நிறுத்தவே கூடாது.

அடுத்தது ஆவி. சூடான நீர், சுற்றிலும் குளிர்ந்த காற்று. அடுப்பில் வைத்த தேநீர் போலத் தொட்டி ஆவியாகிக்கொண்டே இருக்கும். நீர் போகும், உப்பு தங்கிவிடும். 40 லிட்டர் தொட்டியில் ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பு 35.9 ஆகும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 38ஐ நெருங்கும். ஆவியான இடத்தை நன்னீரால் மட்டும் நிரப்ப வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். புதிதாகத் தொட்டி வைக்கும் பலர் தவறுவது இங்கேதான். தினமும் காலையில் கண்ணாடியில் போட்ட கோடு வரை நன்னீர் ஊற்றுவதைப் பல் துலக்குவது போலப் பழக்கிக்கொள்ளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டு, வாரம் ஒருமுறை உப்பைப் பாருங்கள்.

மலை தரும் வரமும் ஒன்று உண்டு. நீலகிரியின் பழம்பாறைகளில் ஊறிவரும் ஓடைநீர் பெரும்பாலும் மென்னீர். கீழ்நாட்டுக் கிணறுகளைப் போலச் சுண்ணாம்பு ஏறியதல்ல. ஆனாலும் தோட்ட உரமும் மருந்தும் கலந்திருக்கலாம் என்பதால், ஆர்.ஓ. வடிகட்டிய நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். 40 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம், இன்னும் பல தாதுக்கள் கலந்து விற்கும் கலவையே வேண்டும்.

நீர் கரைத்ததும் பவளத்தை இறக்கிவிடக் கூடாது. செயற்கைப் பாறையை அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓடவிட வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பாறைத் துளைகளில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். தயிர் உறையும்வரை பாலைக் கிளறாமல் இருப்பது போன்ற பொறுமை அது. அதன்பின் வாரம் பத்து விழுக்காடு நீர் மாற்றினால் போதும். ஜோவாந்திட் பளிங்கு போன்ற நீரைக் கேட்பதில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாத நீரில் அது சுருங்கி மெலியும். நடுத்தர வெளிச்சம், இதமான நீரோட்டம், கொஞ்சம் ஊட்டம், நாளுக்கு நாள் மாறாத நிலை. இவ்வளவுதான் அது கேட்பது.

வாங்கும் முன்

கடையில் தொட்டிக்கு முன்னே குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். பூக்கள் முழுதாக விரிந்திருக்க வேண்டும். பாதி மூடியபடி, தண்டு நீண்டு மெலிந்து வெளிச்சத்தைத் தேடுவது போல் இருந்தால் அது நாள்பட்ட குறை. அடிப்பாய் சதைப்பற்றோடு கல்லை இறுகப் பற்றியிருக்க வேண்டும். ஓரம் கரைந்து கூழாகியிருந்தாலோ, தண்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலோ விட்டுவிடுங்கள்.

பிறகு மறைந்திருக்கும் விருந்தாளிகளைத் தேடுங்கள். ஜோவாந்திட்டையே தின்று வாழும் ஓடில்லாத கடல்நத்தை ஒன்று உண்டு. தான் தின்ற பூவின் நிறம் அதன் முதுகில் ஏறிவிடுவதால், பூவோடு பூவாக உட்கார்ந்திருக்கும். கடிகார முள் தட்டு போலச் சுருண்ட ஓடுள்ள இன்னொரு சிறு நத்தையும் இதே வேலை செய்யும். புதிதாக வாங்கியதைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பதே இதற்கு மருந்து. முட்டைச் சுருள் ஏதும் தெரிந்தால் கையுறை போட்டு அகற்றுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஜோவாந்திட்டின் பெயர் அந்தப் பட்டியலில் சேரவில்லை. ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் பாறை பெரும்பாலும் கல் பவளத்தின் எலும்பு. இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் காக்க 1986இல் அமைந்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் எடுப்பது குற்றம். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது எங்கே வளர்ந்தது?’ என்பதே. சிமெண்டு அல்லது பீங்கான் வில்லையில், தொட்டியிலேயே வெட்டி வளர்த்தது என்றால் வாங்கலாம். உடைத்தெடுத்த பாறைத் துண்டில் இருந்தால், எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம்.

அழகுக்குள் நஞ்சு

இதை எழுதாமல் ஜோவாந்திட் பற்றி எழுதுவது தவறு. ஜோவாந்திட்டின் நெருங்கிய உறவு பாலித்தோவா. உடல் சற்றுப் பருத்து, மணலைச் சதைக்குள் பதித்துச் சொரசொரப்பாக இருக்கும். ஹவாய்த் தீவுகளில் ஹானா என்ற ஊருக்கருகே, தொட்டால் சாவு என்று தடை செய்யப்பட்ட ஓர் அலைக்குட்டையைப் பற்றிப் பழங்கதை உண்டு. அந்தக் குட்டையின் ‘பாசி’யை ஈட்டிமுனையில் தடவினால் போதும், எதிரி பிழைக்க மாட்டான் என்றார்கள். 1961இல் ஆய்வாளர்கள் அந்தக் குட்டையைக் கண்டுபிடித்தபோது, அது பாசியே அல்ல, பாலித்தோவா என்று தெரிந்தது. 1971இல் மூர், ஷாயர் என்ற இரு வேதியியலாளர்கள் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். பாலிடாக்சின். புரதமல்லாத இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று.

நம் உடலின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் சிறு பம்புகள் உண்டு. இரவும் பகலும் ஓயாமல் ஏற்றம் இறைக்கும் ஆள் மாதிரி. பாலிடாக்சின் அந்தப் பம்பில் போய் உட்கார்ந்து, அதைத் திறந்த மதகாக மாற்றிவிடுகிறது. இறைத்தது எல்லாம் திரும்பப் பாய்கிறது. தசையும் இதயமும் தடுமாறுகின்றன. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவர்கள் உடலைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும்.

2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் ஜோவாந்திட் வகைகளை வாங்கிச் சோதித்தார்கள். நஞ்சு அதிகம் இருந்தது, யாரும் விரும்பி வாங்காத, மங்கிய பழுப்பு நிறப் பாலித்தோவாவில். அது பெரும்பாலும் வேறு பவளத்தின் பாறையில் இலவசமாக ஒட்டிக்கொண்டு வரும். வண்ண ஜோவாந்தஸில் நஞ்சு மிகக் குறைவு, அல்லது இல்லை. ஆனால் கண்ணால் பார்த்து நஞ்சளவைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நஞ்சுள்ளதாகவே நடத்த வேண்டும்.

மலைவாசிகள் தனியே மனதில் வைக்க வேண்டிய சம்பவம் அலாஸ்காவில் நடந்தது. 2012க்கும் 2014க்கும் இடையே அங்கே கடைகளிலும் வீடுகளிலும் ஜோவாந்திட் பவளங்களைக் கையாண்ட பின் பலர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், வாயில் உலோகக் கசப்பு என்று நோயுற்றார்கள். தொட்டியைத் தொடாமல் அதே வீட்டில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. குளிர்நாட்டு வீடு, அடைத்த ஜன்னல்கள். நம் வீடுகளும் குளிர்மாதங்களில் அப்படித்தான் இருக்கின்றன.

ஆகவே சில விதிகள். ஜோவாந்திட் இருக்கும் பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. சுடுநீர் ஊற்றக் கூடாது, உலரவைத்துத் தேய்க்கக் கூடாது. நஞ்சு ஆவித்துளியாகவும் தூளாகவும் காற்றில் ஏறும். வெட்டுவதானால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்டைப் பிழியாமல் அடிப்பாயை மட்டும் வெட்டுங்கள். சமையலறைத் தொட்டி, சமையல் பாத்திரம் இவற்றைத் தொடவே வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வாரம் தொட்டிக்குள் கை விடாதீர்கள். குழந்தைகளைப் பார்க்க விடுங்கள், தொட விடாதீர்கள். கையாண்ட பின் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், ‘பாலிடாக்சின்’ என்ற சொல்லை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சீகை மரமும் சதைப் பாயும்

நன்றாக வளரும் ஜோவாந்திட் இன்னொரு பாடம் சொல்லும். இரண்டாவது ஆண்டில் என் தொட்டியின் ஏழு பூ எண்பதைத் தாண்டியது. பாய் வில்லையை விட்டு இறங்கி, பாறையில் ஏறி, பக்கத்தில் இருந்த வேறொரு மென்பவளத்தின் அடியை மூடத் தொடங்கியது. அதைப் பார்த்தபோது எனக்குச் சீகை மரம் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம், இன்று நீலகிரியின் புல்வெளிகளை விழுங்கி நிற்கிறது. மரம் கெட்டதல்ல. தடுப்பார் இல்லாத இடம் கிடைத்தது, பரவியது.

மன்னார் வளைகுடாவிலும் அதே காட்சி நடக்கிறது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. கல் பவளம் செத்து இடம் காலியானால், எலும்பு கட்டும் வேலை இல்லாத, வேகமாகப் பரவும் உயிர்கள் அங்கே முந்திக்கொள்ளும். பாசி, கடற்பஞ்சு, அவற்றோடு ஜோவாந்திட். அது படரும் பாறை உயிரோடுதான் இருக்கும், வண்ணமும் இருக்கும். ஆனால் புதிதாகக் கல் சேராது. அலையைத் தடுத்துத் தீவைக் காக்கும் சுவர் வளராது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

என் தொட்டியில் நீர் 25 டிகிரியில் நிற்கிறதா என்று மூன்று ஆண்டாக நாள்தோறும் பார்க்கிறேன். அளவு தாண்டி ஏறினால் பூக்கள் சுணங்குவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் ஹீட்டரின் திருகைத் திருகிச் சரிசெய்துவிடுவேன். கடலுக்கு அப்படி ஒரு திருகு கிடையாது.

தொட்டி வைக்க நினைக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. 40, 50 லிட்டரில் சிறிதாகத் தொடங்குங்கள். தொட்டியில் வளர்த்த ஒரே ஒரு வில்லை வாங்குங்கள். அது பெருகினால் விற்காமல், பக்கத்தில் ஆர்வமுள்ள இன்னொருவருக்கு ஒரு துண்டு கொடுங்கள், நஞ்சைப் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். மாற்றிய உப்புநீரை ஓடையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். தவளைக்கும் மண்ணுக்கும் அது ஆகாது. விடுமுறையில் மண்டபம் பக்கம் போனால், அங்கே கண்ணாடி அடித்தளப் படகில் ஏறிப் பாரைப் பாருங்கள். கரையில் யாராவது பவளக்கல் விற்றால் வாங்காதீர்கள். மலையில் ஒரு கைப்பிடிக் கடலை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு கவனம் வேண்டும் என்று தெரிந்தவர், உண்மையான கடலிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க மாட்டார்.